தேய்ந்த முட்டி ஏன் வீங்குகிறது? சி5 புரதமும் என் அம்மாவின் முட்டி நீரும்

கேள்வி: 2024 நவம்பர் 9, இரவு 9.15

அம்மாவுக்கு 58 வயது, வியாசர்பாடி. ஆறு மாதமாக வலது முட்டியில் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். அழற்சியைப் பார்க்கும் ரத்த டெஸ்ட்களில் சி.ஆர்.பி. நெகட்டிவ், ஈ.எஸ்.ஆர். 22, முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டரும் நெகட்டிவ். "அழற்சி எதுவும் இல்லம்மா, வயசாச்சு, தேஞ்சுடுச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் சாயங்காலமானால் முட்டி உப்பிக்கொள்கிறது, தொட்டால் லேசாகச் சுடுகிறது. தேய்ந்த பொருள் வீங்குமா? செருப்பு தேய்ந்தால் மெலியத்தானே செய்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 9, இரவு 10.40

தங்கச்சி, அந்தச் செருப்புக் கேள்வியை விட்டுவிடாதே, அதுதான் சரியான கேள்வி. நான் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் 19 வருடமாக டெக்னீஷியன். டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா காசிமேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் மீன் விற்றவர். அவருக்கும் இதே முட்டி, காதில் விழுந்ததும் இதே ஒரு வார்த்தைதான்.

சி.ஆர்.பி. நெகட்டிவ் என்பதை வைத்து ஏமாறாதே. சின்ன லேப்களில் அதை லேட்டக்ஸ் துளி விட்டு சிலைடில் ஆட்டிப் பார்ப்போம், திரிந்தால் பாசிட்டிவ். லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் திரியாது, நெகட்டிவ் என்று எழுதிவிடுவோம். அதோடு அது உடம்பு முழுக்க ஓடுகிற ரத்தத்தின் கணக்கு. ஒரு முட்டிக்குள் நடக்கிற சண்டை அதில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முட்டிக்குள் சி5 என்று ஒரு புரதம் வேலை செய்கிறது. கிருமியைக் கொல்ல உடம்பு வைத்திருக்கும் ஆயுதம். அது ஜவ்வு செல்களில் ஓட்டை போட்டு அவற்றைக் கொன்றுவிடுகிறது, வீக்கம் அதனால்தான். மீதியை நாளை எழுதுகிறேன், காலை ஆறு மணிக்கு லேப் திறக்க வேண்டும்.

2024 நவம்பர் 10, பகல் 2.20

ஞாயிறு, லேப் அரை நாள்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். டெஸ்ட் தினமும் பத்துப் பதினைந்து வரும், பெரும்பாலும் கர்ப்பிணிகளுக்கு. ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து வாட்டர் பாத்தில் 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்த பிறகுதான் சிலைடில் போடுவோம். ஏன் சூடாக்க வேண்டும் என்று கேட்டதற்குச் சீனியர் அக்கா, "காம்ப்ளிமென்டைக் கொல்றதுக்குடி, அது உயிரோட இருந்தா ரிசல்ட்ல குறுக்க வரும்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அப்புறம் அதே நோய்க்கு ஆர்.பி.ஆர். கிட் வந்தது, சூடாக்கும் வேலையும் போனது, அந்தப் பெயரும் மறந்தது. பல வருடம் கழித்து அம்மாவின் முட்டியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது அதே பெயர் மறுபடியும் எதிரே வந்து நின்றது.

தமிழில் நிரப்புப் புரதங்கள் என்று எழுதுகிறார்கள். ஆன்டிபாடி கிருமியைப் பிடித்து வைத்தால் மீதி வேலையை இவை முடித்துக் கொடுப்பதால் அந்தப் பெயர். சூடு பட்டால் செயலிழக்கிற இந்தச் சரக்கு சீரத்தில் என்ன செய்கிறது என்று காட்டியவர் பெல்ஜியத்தின் ஜூல்ஸ் போர்டே, 1919க்கான நோபல் பரிசு அவருக்குப் போனது. பெயர் வைத்தவர் பால் எர்லிக். இன்றைய கணக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் இந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. ரத்தத்தில் பெரும்பாலும் ஈரலில் இருந்து வந்து, தூங்கிக்கொண்டே ஓடுகின்றன. ஒன்று எழுந்தால் அது அடுத்ததை வெட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும்.

அந்த வரிசையில் சி5 முறை வரும்போது அது இரண்டாக வெட்டுப்படும். சின்னத் துண்டு சி5ஏ. வெள்ளணுக்களைக் கூவி அழைப்பதும், ரத்தக் குழாயைக் கசிய வைப்பதும் அதன் வேலை. வீக்கமும் சூடும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரிய துண்டு சி5பி. அது சி6, சி7, சி8 மூன்றையும் சேர்த்துக்கொண்டு, சி9களை வட்டமாக நிறுத்தி, எதிரே இருக்கும் செல்லின் மேல்தோலில் குழாய் மாதிரி ஒரு துளையை இறக்கும். அகலம் சுமார் 10 நானோமீட்டர். கிருமியாக இருந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்து வெடித்துவிடும்.

இப்போது முட்டிக்கு வருகிறேன். எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. சுற்றியிருக்கும் நீர்தான் அதற்குச் சாப்பாடு. அடிபட்டோ அழுந்தியோ அது கொஞ்சம் சிதைந்தால் உள்ளே இருந்த பொருட்கள் நீரில் கலக்கும். அதில் ஃபைப்ரோமாடுலின், காம்ப் என்று இரண்டு புரதங்களும் உண்டு, இரண்டுமே காம்ப்ளிமென்டைத் தட்டி எழுப்பக் கூடியவை. எழுந்தது கிருமியைத் தேடுகிறது. கிருமி இல்லை. அருகில் இருப்பது குருத்தெலும்பு செல்தான், துளை அதில் விழுகிறது. அந்தச் செல் இருக்கும் இடம் மேலும் சிதைகிறது, மேலும் துண்டுகள் நீரில் கலக்கின்றன, வட்டம் சுற்றுகிறது.

2011இல் ஸ்டான்ஃபோர்டின் வில்லியம் ராபின்சன் குழு இதை நேச்சர் மெடிசின் இதழில் எழுதியது. மூட்டுவாதம் (தேய்மானம் என்கிறார்களே, அதுதான்) தொடங்கிய நிலையில் இருந்தவர்களின் முட்டி நீரிலும் காம்ப்ளிமென்ட் எழுந்து நின்றது. எலிகளின் முட்டியில் அறுவை செய்து வாதத்தை வரவழைத்துப் பார்த்தார்கள், சி5 இல்லாத எலிகளுக்கு வாதம் வரவே இல்லை.

2024 நவம்பர் 10, மாலை 6.05

மேலே இரண்டு இடத்தில் அவசரப்பட்டுவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று, துளை விழுந்தால் செல் செத்துவிடும் என்று நேற்று எழுதியது. கிருமிக்கு அது சரி. குருத்தெலும்பு செல்லுக்கு நடப்பது பெரும்பாலும் அது இல்லை. சாகும் அளவுக்குத் துளை விழாமல் கொஞ்சமாக விழுந்தால் செல் மிரண்டுபோய், தன்னைச் சுற்றியிருக்கும் கொலாஜன் நாரை அரிக்கிற நொதிகளைத் தானே வெளியே விடுகிறது. தான் இருக்கிற வீட்டின் சுவரைத் தானே இடிக்கிறது. செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு, எலிகளுக்கு வரவே இல்லை என்றது தப்பு. மிகக் குறைவாக வந்தது, அவ்வளவுதான்.

2024 நவம்பர் 13, இரவு 11.10

அம்மாவின் கதையைக் கேட்டிருக்கிறீர்கள், எழுதுகிறேன், நீளம்தான்.

போன வருடம் அம்மாவின் இடது முட்டியில் நீர் கோத்துக்கொண்டது. மடக்க முடியவில்லை. எங்கள் வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவார். எலும்பு டாக்டர் ஊசி போட்டு 30 மில்லி நீரை உறிஞ்சி எடுத்தார். நல்ல முட்டியில் 4 மில்லிகூட இருக்காது. பரிசோதனைக்கு எங்கள் லேபுக்கே அனுப்பினார், அன்று டேபிளில் நான்தான்.

ட்யூபைத் தூக்கிப் பார்த்தேன். வெளிறிய மஞ்சள், தெளிவு. பின்னால் ரிப்போர்ட் தாளைப் பிடித்தால் எழுத்தை வாசிக்க முடிந்தது. சீழோ ரத்தமோ இருந்தால் வாசிக்க முடியாது. ஒரு சொட்டை சிரிஞ்ச் முனையிலிருந்து மெல்ல விட்டேன். நல்ல மூட்டு நீர் நூல் மாதிரி நாலைந்து சென்டிமீட்டர் இழுத்துக்கொண்டு இறங்கும். அம்மாவுடையது இரண்டு சென்டிமீட்டரில் அறுந்தது. வழவழப்பு இருந்தது, நீர்த்துப்போன வழவழப்பு.

செல் எண்ணும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதில்தான் தவறுவார்கள். வெள்ளணு எண்ண எப்போதும் போடும் கரைசலில் அசிட்டிக் அமிலம் இருக்கும், அதை மூட்டு நீரில் விட்டால் உள்ளே வழவழப்பைத் தரும் ஹயலுரானிக் அமிலம் திரண்டு கட்டியாகிவிடும், கணக்கு பாழாகும். சலைன் விட்டுத்தான் எண்ண வேண்டும். சலைன் விட்டு, செல் எண்ணும் கண்ணாடியான நியூபார் சேம்பரில் ஏற்றி, இரண்டு தரம் எண்ணினேன். ஒரு கன மில்லிமீட்டருக்கு 640. கவுட் வாதத்தைக் காட்டும் யூரிக் படிகம் இல்லை, கிருமி இல்லை.

பிறகு ரிப்போர்ட் அடித்தேன். எங்கள் ஃபார்மட்டில், எல்லாப் பாடப் புத்தகத்திலும் உள்ளபடி, 2000க்குக் கீழே இருந்தால் "அழற்சி அற்ற நீர்" என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். போட்டேன். பிரிண்ட் எடுத்து உறையில் வைக்கும்போதுதான் கை நின்றது. நல்ல மூட்டு நீரில் 200க்கு மேல் இருக்கக் கூடாது. 640 என்பது அதைப்போல் மூன்று மடங்கு. அப்படியானால் 200க்கும் 2000க்கும் நடுவில் இருப்பவர்கள் யார்? அவர்கள் நல்லவர்களும் இல்லை, நம் கணக்கில் நோயாளிகளும் இல்லை. என் அம்மா அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருந்தார், நானே என் கையால் அழற்சி இல்லை என்று டிக் போட்டேன்.

அந்தப் பெட்டி எதற்காக வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. முடக்குவாதம், கவுட், சீழ் பிடித்த மூட்டு இவற்றைப் பிரித்துக் காட்ட அது வேண்டும். சீழ் பிடித்த மூட்டில் ஐம்பதாயிரத்தைத் தாண்டிப் போகும், அதைத் தவறவிட்டால் மூட்டே போய்விடும். ஆனால் பிரித்துக் காட்ட வைத்த பெயரை வெளியே கொண்டுவந்து, உனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஒரு மனுஷியிடம் சொல்லும்போதுதான் அநியாயம் நடக்கிறது. தங்கச்சியின் அம்மாவுக்கும் நடந்தது அதுதான்.

2024 நவம்பர் 14, காலை 7.30

பொடி, சூப் எல்லாம் கொடுக்கலாமா என்று பெரம்பூர் அண்ணன் கேட்டதற்கு: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிற பொடி எதுவும் இதற்கு வேண்டாம். இங்கே எதிர்ப்புச் சக்தி குறைந்துபோய் நோய் வரவில்லை, இருக்கிற சக்தி ஆள் தெரியாமல் அடிக்கிறது. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் ருசிக்காகக் குடிக்கலாம், அம்மாவும் குடிக்கிறார், மிளகு தூக்கலாகப் போட்டால் நன்றாக இருக்கும். ஆனால் பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் மூட்டுவலிப் பொடி வேண்டவே வேண்டாம். மூன்றே நாளில் வலி பறந்தது என்று சொல்லி, பதினைந்து நாளில் சர்க்கரை ஏறி எங்கள் லேபுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு கலந்திருந்தால் அப்படித்தான் ஆகும்.

2024 நவம்பர் 17, மாலை 4.45

"எடை தாங்கித் தாங்கித்தானே தேயுது, இதுல புரதம் எங்க வந்துச்சு" என்று எண்ணூரில் இருந்து ஒரு சார் கேட்டிருக்கிறார். எடைக்குப் பங்கு உண்டு சார், மறுக்கவில்லை. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும் என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கையைப் பாருங்கள். எடை கூடியவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் இந்த வாதம் கூடுதலாக வருகிறது. விரலால் யாரும் நடப்பதில்லை. அப்படியென்றால் பாரத்தைத் தவிர வேறு ஏதோ ரத்தத்தின் வழியாக வர வேண்டும். கொழுப்பு என்பது சும்மா சேர்த்து வைத்த எண்ணெய் இல்லை, அது புரதம் சுரக்கும். அப்படிச் சுரப்பதில் ஒன்று அடிப்சின். 1980களில் கொழுப்புச் செல்லில் அதைக் கண்டார்கள், பிறகு அது காம்ப்ளிமென்ட் வரிசையின் ஃபேக்டர் டி என்பதுதான் என்று தெரிந்தது. காம்ப்ளிமென்டைக் கிளப்பிவிடும் ஒரு சாவியே கொழுப்பில் தயாராகிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காசிமேட்டுப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொன்னால் புரியும். கடல் பார்த்த ஜன்னல் கம்பியை யாரும் தொடுவதில்லை, தேய்ப்பதில்லை, இருந்தாலும் அஞ்சு வருடத்தில் அரித்துவிடும். உப்புக் காற்று பட்டு ஒரு செதில் பெயரும், பெயர்ந்த இடத்தில் புது இரும்பு தெரியும், அதிலும் காற்று படும். முட்டியில் நடப்பது செருப்புத் தேய்மானத்தைவிட இந்தத் துருவுக்குத்தான் பக்கம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப பெயின்ட் அடிச்சுடு" என்றார்.

2024 நவம்பர் 18, இரவு 9.50

ராத்திரி படுத்தபோது துரு உதாரணம் உறுத்தியது. கம்பி செத்த பொருள், காற்றைத் தடுக்க அதால் ஆகாது. குருத்தெலும்பு செல் அப்படி இல்லை. அதன் மேல்தோலில் சிடி59 என்று ஒரு காவல் புரதம் இருக்கிறது, சி9 வட்டம் கட்டி முடிப்பதைத் தடுப்பதே அதன் வேலை. 2011 ஆய்வில் சிடி59ஏ இல்லாத எலிகளையும் பார்த்தார்கள், அவற்றுக்கு வாதம் அதிகமாக வந்தது. அம்மா சொன்ன பெயின்ட் உண்மையிலேயே இருக்கிறது! எல்லோர் முட்டியிலும் பிறக்கும்போதே அடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஜவ்வு என்று நாம் மூன்று வேறு பொருளைச் சொல்கிறோம்: எலும்பு முனையின் குருத்தெலும்பு, நடுவில் பிறை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ், எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட். "ஜவ்வு கிழிஞ்சுடுச்சு" என்றால் பெரும்பாலும் பின்னது இரண்டில் ஒன்று, "ஜவ்வு தேஞ்சுடுச்சு" என்றால் முதலாவது. டாக்டரிடம் எது என்று கேட்டு வாங்குங்கள். மெனிஸ்கஸ் கிழிந்த முட்டிக்குப் பின்னாளில் இந்த வாதம் வரும் வாய்ப்பு கூடுதல், எலிகளுக்குச் செய்த அறுவையும் அங்கேதான். வியாசர்பாடிப் பிள்ளைகள் பந்து ஆடி முட்டியைத் திருப்பிக்கொண்டு, புத்தூர் கட்டுப் போட்டுவிட்டு மறுவாரமே இறங்கிவிடுகிறார்கள், அவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

2024 நவம்பர் 21, இரவு 8.15

இந்த முட்டிவலி பழைய சிக்குன்குனியாவால் வந்ததா என்று கேட்ட திருவொற்றியூர் அக்காவுக்கு. 2006இல் நம் பக்கம் வீட்டுக்கு வீடு வந்தது, அம்மாவுக்கும் வந்தது. அந்த வைரஸின் சொந்தக்கார வைரஸ் ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு, ராஸ் ரிவர் என்று பெயர், அதுவும் மூட்டைத்தான் பிடிக்கும். அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2007 ஆய்வில், காம்ப்ளிமென்டின் சி3 இல்லாத எலிகளுக்குத் திசு சேதம் குறைவு. ஆனால் இன்றைய முட்டிவலியை 2006 காய்ச்சலின் மேல் போட நான் துணிய மாட்டேன், நடுவில் பதினெட்டு வருடம் மீன் கூடை தூக்கியிருக்கிறார்.

2024 டிசம்பர் 1, காலை 10.20

நேற்று முழுக்கப் புயல் மழை, தெருவில் இன்னும் தண்ணீர், லேப் பூட்டு. அதனால் இந்த நேரத்தில் எழுத முடிகிறது.

நாலு பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: சி5ஐ அடைக்க மருந்து இல்லையா? இருக்கிறது. எக்குலிசுமாப், 2007இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பி.என்.எச். என்ற ரத்த நோய்க்கு. அந்த நோயில் சிவப்பணுக்களின் மேல் சிடி59 இருக்காது, காவல் இல்லாத அணுக்களை அவரவர் காம்ப்ளிமென்டே உடைத்துப்போடும், காலை மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும். முன்பு சொன்ன, சிடி59ஏ இல்லாத எலி முட்டியில் நடந்ததும் இதுவும் அண்ணன் தம்பிக் கதை.

அதை ஏன் முட்டிக்குப் போடுவதில்லை? அனுமதி இல்லை, அது முதல் விஷயம். உலகத்திலேயே விலை கூடிய மருந்துகளில் ஒன்று. அதைவிடப் பெரிய விஷயம், சி5ஐ உடம்பு முழுக்க அடைத்தால் மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமி புகுந்துவிடும் ஆபத்து கூடும், அதற்கு முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். ஒரு முட்டிக்காகக் கோட்டைக் கதவைத் திறந்துவைக்க முடியாது.

2024 டிசம்பர் 8, இரவு 10.30

ஒரு வாரமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன், முதல் நாள் நான் எழுதிய வேகம் கொஞ்சம் அதிகம்தான். சி5தான் குற்றவாளி, அதைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரி என்று படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். அழற்சிப் புரதங்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்த கதையைப் படித்தால் அடங்கிப்போக வேண்டியிருக்கிறது.

டி.என்.எஃப். என்ற புரதத்தை அடைத்தால் முடக்குவாதம் அருமையாகக் கேட்கிறது. அதே மருந்தைக் கைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு எவ்வளவு வலி குறைந்ததோ அவ்வளவுதான் குறைந்தது. இன்னோர் அழற்சிப் புரதமான இன்டர்லூக்கின்-1ஐ அடைக்கும் லூட்டிகிசுமாப் முட்டிவலியைப் பெரிதாகக் குறைக்கவில்லை. ஆனால் அதே இன்டர்லூக்கின்-1ஐ அடைக்கும் கனாகினுமாபை மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு இதயத்துக்காகக் கொடுத்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. 2020இல் அந்தக் கணக்கை மறுபடி எடுத்து, எத்தனை பேர் இடுப்பு, முட்டி மாற்று அறுவைக்குப் போனார்கள் என்று பார்த்தார்கள். மருந்து வாங்கியவர்களிடம் சுமார் நாற்பது சதவீதம் குறைவு! அந்த ஆய்வு முட்டிக்காக நடத்தியது இல்லை, அதனால் அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இருந்தாலும் ஒரு பக்கம் தோல்வி, மறுபக்கம் இப்படி. எனக்குப் படுவது, முட்டிவாதம் என்று ஒரே பெயரில் பல நோய்களைக் கட்டிவைத்திருக்கிறோம், எந்த முட்டியில் எந்தப் புரதம் எழுந்து நிற்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் சராசரியில் காணாமல் போய்விடும். 200க்கும் 2000க்கும் நடுவில் இருப்பவர்களை ஒரே பெட்டியில் போடுகிற அதே தவறு.

2024 டிசம்பர் 22, மாலை 5.15

ஊசி போடலாமா என்று கேட்டவர்களுக்கு அம்மாவின் அனுபவம். நீர் எடுப்பதற்கு முன்னால் வேறொரு கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி ஐந்து போட்டார்கள். முதல் ஊசியில் ஆறு வாரம் நன்றாக இருந்தது, ஐந்தாவதில் ஆறு நாள். நிறுத்தலாமா என்று கேட்கப் போன என்னிடம் அந்தக் கிளினிக் டாக்டர் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. 2017இல் வந்த ஆய்வு ஒன்றில் 140 பேரைப் பாதியாகப் பிரித்து, 12 வாரத்துக்கு ஒரு தரம் இரண்டு வருடம், ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு, மறுபாதிக்கு வெறும் சலைன் போட்டார்கள். வலியில் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு பக்கம் 0.21 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, சலைன் பக்கம் 0.10. தாங்க முடியாத வீக்கத்துக்கு எப்போதோ ஒரு ஊசி என்பது வேறு. மாதக் கணக்கு வைத்துப் போடுவது வேறு. இதை நான் முன்பே படித்திருந்தால் மூன்றாவதோடு நிறுத்தியிருப்பேன்.

எடை குறைக்கும் செமாக்ளூட்டைட் ஊசி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அக்டோபர் கடைசியில்தான் வந்தது அந்த ஆய்வு, 407 பேர், 68 வாரம். 100க்குப் போடும் வலி மதிப்பெண் மருந்து வாங்கியவர்களுக்கு 41.7 குறைந்தது, வாங்காதவர்களுக்கு 27.5. எல்லோரும் முதல் எண்ணைத்தான் பேசுகிறார்கள், என் கண் போனது இரண்டாவது எண்ணில். அவர்களுக்கு வெறும் ஊசியோடு உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். வெறும் ஊசி தரும் நம்பிக்கைக்கும் அதில் பங்கு இருக்கும், இருக்கட்டும். 27 என்பது சும்மா விடுகிற எண் இல்லை.

தேய்ந்துவிட்டது என்று கேட்டவர்கள் முதலில் செய்வது நடையை நிறுத்துவது, இன்னும் தேய்ந்துவிடுமோ என்ற பயம். அம்மாவும் எட்டு மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை, தொடை மெலிந்து குச்சியானது, எடை ஏழு கிலோ ஏறியது. குருத்தெலும்புக்குச் சாப்பாடே அசைவில்தான், அழுந்தி விடும்போதுதான் நீர் உள்ளே போய் வரும். இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடிக்கிறார், ஒரு காலுக்குப் பத்து முறை, காலை மாலை. பிசியோதெரபி தங்கச்சி சொல்லிக் கொடுத்தது. முதல் இரண்டு வாரம் வலி கூடியது, திட்டித் தீர்த்தார். ஆறாவது வாரத்தில் முன்பக்கமாகவே படி இறங்கினார்.

2024 டிசம்பர் 23, காலை 6.40

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன், முக்கியம். முட்டி சிவந்து, காய்ச்சல் அடித்து, அசைக்கவே முடியாவிட்டால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சீழாக இருக்கலாம். காலையில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, இரண்டு கை விரல்களும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் வந்தாலும் ஆன்டி-சி.சி.பி. என்ற ரத்த டெஸ்ட் கேளுங்கள், அதை வாதநோய் டாக்டர் பார்க்க வேண்டும். தேய்மானம் என்கிற இந்த வாதத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும்.

2025 ஜனவரி 19, இரவு 9.25

பொங்கல் முடிந்துதான் இந்தப் பக்கம் வர முடிந்தது. கேள்வி கேட்ட தங்கச்சி தனியாக எழுதியிருந்தார், அம்மாவுக்கு நீர் எடுத்தார்களாம், செல் எண்ணிக்கை 410. "அழற்சி இல்லைன்னு மறுபடியும் போட்டிருக்காங்க அக்கா, ஆனா இந்த வாட்டி நான் நம்பரைக் கேட்டு வாங்கினேன்" என்று எழுதியிருக்கிறார். அம்மா நாற்காலிப் பயிற்சி ஆரம்பித்துவிட்டாராம்.

எங்கள் பேதாலஜி சாரிடம் டிசம்பரிலேயே பேசினேன். 2000 என்ற கோட்டை நாம் மாற்ற முடியாது, உலகம் முழுக்க அதுதான் என்றார். கோட்டை மாற்ற வேண்டாம் சார், பக்கத்தில் இன்னொரு வரி வேண்டும் என்றேன். போன திங்கட்கிழமை முதல் எங்கள் மூட்டு நீர் ரிப்போர்ட்டில் செல் எண்ணிக்கைக்கு நேராக "ஆரோக்கியமான மூட்டில்: 200க்குள்" என்று அச்சாகிறது. அந்த வரியோடு முதலில் போனது வண்ணாரப்பேட்டையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு பாட்டியின் ரிப்போர்ட், 880. கவுன்டரில் நின்றுகொண்டே வாசித்துவிட்டு, "அப்ப உள்ள ஏதோ கீதுன்னு நான் சொன்னது கரெக்ட்டுதானே?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன்.